கொழும்பில் எங்கே தங்குவது?

கொழும்புக்கு வரப்போகிறவர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, "கடல் தெரியிற மாதிரி ஒரு அறை பாக்கலாமோ?" என்றுதான். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே கரையை ஒட்டி ஓடுவது ரயில் பாதை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அலையை மறிக்கப் போட்ட கருங்கற்கள், இந்தப் பக்கம் மரைன் டிரைவ் என்ற வீதி, அதற்குப் பிறகுதான் ஹோட்டல்களும் தொடர்மாடிகளும். கடல் தெரியும் அறைகளில் ரயிலும் தெரியும், கேட்கும். விடியுமுன்னே முதல் ரயில் போய்விடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது உப்புத்தூறல் யன்னல் கண்ணாடியில் படிந்து கடலையே மறைத்துவிடும். கால் நனைக்க மணல் வேண்டுமென்றால் கல்கிசைக்குத்தான் போகவேண்டும். எனவே கடலை வைத்து இடத்தைத் தெரிவுசெய்யாதீர்கள். நகரின் மேற்குப் பக்கம் முழுவதும் கடல்தான்; எங்கே தங்கினாலும் மாலையில் அதைப் போய்ப் பார்க்கலாம்.

நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் வேறு. இரவு 9 மணிக்கு அறையை விட்டு இறங்கி நடந்தால் அந்தத் தெருவில் என்ன இருக்கும் என்று விசாரியுங்கள். பகலில் பஸ், ரயில், ஆட்டோ எல்லாம் உண்டு. எங்கிருந்தும் எங்கும் போய்விடலாம். இரவில் கொழும்பு ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. பகலில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத தெரு 8 மணிக்குள் வெறிச்சோடிவிடும். பகலில் சாதாரணமாகத் தெரியும் இன்னொரு தெருவில் அந்த நேரத்தில்தான் கொத்து ரொட்டித் தட்டின் சத்தம் தொடங்கும். பிள்ளைக்குப் பால்மா, அப்பாவுக்கு மாத்திரை, எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு ஆகிய மூன்றும் நடை தூரத்தில் இருந்தால், மற்ற எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

முகவரியில் வரும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கொழும்பு 1 கோட்டை, 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை. காலி வீதியில் வடக்கிலிருந்து தெற்கே போகப்போக எண் ஏறும். 5, 7, 8 மூன்றும் உள்ளே, கடலை விட்டு விலகி இருப்பவை. 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை, 15 முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம். இவை துறைமுகத்தைச் சுற்றிய பழைய வடகொழும்பு. எண் இல்லாமல் வெறுமனே 'கொழும்பு' என்று விளம்பரம் செய்யும் விடுதியை வரைபடத்தில் பார்க்காமல் பதிவு செய்யவேண்டாம். இரத்மலானையில் இருப்பதும் நீர்கொழும்புப் பக்கம் இருப்பதும் அந்தப் பெயரில் வருவதுண்டு.

வெள்ளவத்தையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து இறங்குகின்றன, அதற்குக் காரணமும் இருக்கிறது. காலி வீதியில் புடவைக் கடைகள், நகைக் கடைகள், சைவக் கடைகள், மருந்துக் கடைகள். பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் யாழ்ப்பாணத்துச் சாமான் கடைகள். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் பார்சலாக வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பலாம். 57ஆவது ஒழுங்கையில் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு முற்பகலைக் கழிப்பது, கொழும்பு வந்ததற்கு எந்தக் கடைத்தொகுதியையும்விடப் பெறுமதியானது என்பது என் எண்ணம். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவைத் தனியாகக் கடைக்கு அனுப்பலாம்; அவர் யாரிடமும் தயங்கி நிற்கவேண்டியதில்லை. இரவு 9 மணிக்கு வெள்ளவத்தை நல்ல விழிப்பில் இருக்கும். யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்கள் இங்கிருந்தே இரவில் புறப்படுவதால், பயணப் பொதிகளோடு நிற்கும் குடும்பங்களைத் தினமும் காலி வீதியோரத்தில் காணலாம்.

இங்கே நாள் வாடகைக்கு இத்தனை தொடர்மாடி வீடுகள் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. பலர் நாட்டை விட்டே போனார்கள். போனவர்கள் போக, போர் ஆண்டுகளில் வடக்கிலிருந்து புதிதாகக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. விசாவுக்காகவும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பவும், சத்திர சிகிச்சைக்காகவும் வந்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்காகவே இங்கும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்கள் பெருகின. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள்; மறுநாள் நாட்டின் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வயதான உறவினர் யாராவது கொழும்பில் லொட்ஜ் என்றதும் முகம் மாறினால், அதன் காரணம் தெரிந்திருப்பது நல்லது. இப்போது அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ காட்டினால் அறை தருகிறார்கள். அன்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கல்யாணத்துக்கு வந்து அதே ஒழுங்கைகளில் வீடெடுத்துத் தங்குகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் கூட்டமாக வருவதால் வாடகை ஏறும், நல்ல வீடுகள் முன்கூட்டியே போய்விடும்.

வெள்ளவத்தையில் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகள், உதாரணத்துக்கு இராமகிருஷ்ணா வீதிப் பகுதி, அமைதியானவை. ரயில் நிலையமும் மரைன் டிரைவும் நடை தூரம். தரைப் பக்கம் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக உள்ளே போனால் வாடகை குறையும், கடல் தூரமாகும், நெரிசல் கூடும். காலி வீதியிலேயே முகப்பு வைத்த அறை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பஸ்களின் ஹோர்ன் சத்தத்தில் நடுச்சாமம் வரை தூங்க முடியாது. தொடர்மாடி வீடு என்றால் எத்தனையாம் மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா, மின்வெட்டு வந்தால் அதை இயக்க ஜெனரேட்டர் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். படத்தில் கடல் அழகாகத் தெரியும் ஆறாம் மாடி, முழங்கால் வலியுள்ள அப்பாவுக்குச் சிறையாகிவிடும்.

இவ்வளவு சொன்னாலும், எல்லோரும் வெள்ளவத்தைக்கே போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல்முறை நகரைப் பார்க்க வரும் இளம் தம்பதிக்கு அது ஊர்க் கடைத்தெருவின் நீட்சியாகத் தோன்றலாம். கோட்டையும் புறக்கோட்டையும் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில்தான், ஆனால் அலுவலக நேரத்தில் காலி வீதியில் அந்தத் தூரம் ஒரு மணித்தியாலத்தைத் தின்னும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது பம்பலப்பிட்டி.

பம்பலப்பிட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளவத்தைக்கும் ஒரு ரயில் நிலையத் தூரம், கொள்ளுப்பிட்டிக்கும் ஒரு ரயில் நிலையத் தூரம். கடைத்தொகுதிகள், திரையரங்கு, பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள் எல்லாம் காலி வீதியிலேயே. ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலி வீதி வழியாக இங்கே வந்து சேரும். அந்த நாட்களில் தங்கினால் கொழும்பின் பழைய தமிழ்க் கொண்டாட்டம் ஒன்றை வாசலில் நின்று பார்க்கலாம். வீதி மூடப்படுவதால் கார் ஓட்டி வருகிறவர்கள் மட்டும் யோசிக்கவேண்டும். ஒரு குறை உண்டு: இங்கே பெரிய பாடசாலைகள் பல இருக்கின்றன. காலை 7 மணியை ஒட்டியும் மதியம் ஒன்றரைக்கும் வான்களும் பெற்றோர்களுமாக ஒழுங்கைகள் அடைத்துவிடும். அந்த இரண்டு வேளையிலும் வாகனத்தில் ஏறாமல் ரயிலுக்கு நடந்துவிடுங்கள்.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனெனில் கொழும்பில் தங்குமிடத்தின் தரத்தைப் பாதி அதுதான் தீர்மானிக்கிறது. கோட்டை, செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. கோட்டையிலிருந்து கல்கிசைக்கு அரை மணித்தியாலம் அளவில் போய்விடலாம்; மாலையில் பஸ்ஸில் அது நடவாத காரியம். கட்டணமும் மிகக் குறைவு. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கதவோரத்தில் நின்றால் அலை காலடியில் வந்து உடைவதுபோல இருக்கும், கொழும்பில் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய மிக நல்ல காட்சி அதுதான். அலுவலக நேரத்தில் ஏறவே முடியாது, இரவில் ரயில்கள் குறையும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறையும். அந்த நேரங்களில் காலி வீதியின் 100, 101 இலக்க பஸ்கள் இருக்கின்றன. இரண்டும் புறக்கோட்டைக்கே போகும். தெரிவுசெய்யும் விடுதி ஏதாவது ஒரு நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கட்டும்.

கொள்ளுப்பிட்டியும் காலிமுகத்திடலும் கையில் காசு இருப்பவர்களுக்கான இடம். 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் ஒழுங்குபடுத்திய அந்தப் புல்வெளித் திடல் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளம். அதன் தென்முனையில் 1864 இலிருந்து நிற்கிறது காலிமுக ஹோட்டல். இந்தப் பகுதியில் ரயில் பாதை உள்ளே விலகிப் போய்விடுவதால், தடையில்லாமல் கடல் தெரியும் அறை நகரில் எங்காவது வேண்டுமென்றால் அது இங்கேதான். 2022 இல் மாதக்கணக்கில் மக்கள் கூடாரமடித்துப் போராடியதும் இதே திடலில்தான். மாலையில் பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை வண்டிகள், மூன்று மொழியிலும் பேசும் குடும்பங்கள். நடந்து திரிய இரவிலும் நல்ல இடம். இங்கே கடலில் இறங்குவதை மட்டும் நினைக்கவேண்டாம். அறை வாடகை எட்டவில்லை என்றால் பின்னால் இருக்கும் கொம்பனித்தெருவைப் பாருங்கள். மலாய் மக்களும் முஸ்லிம்களும் தமிழர்களும் நெருங்கி வாழ்ந்த பழைய குடியிருப்பு அது. இன்று பாதிக்கு மேல் வானளாவிகள் எழுந்துவிட்டன. மிச்சமிருக்கும் தெருக்களில் பிரியாணியும் மலாய்ச் சாப்பாடும் பிரமாதம். பேரை வாவியும் கங்காராமய விகாரையும் அருகில். வெசாக் நாட்களிலும் பெப்ரவரியில் நவம் பெரஹெர நடக்கும்போதும் இங்கே தங்கினால் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.

கோட்டையையும் புறக்கோட்டையையும் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டை கொழும்பின் உயிர். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம், செட்டியார் தெருவில் தங்கம், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்து. தெருவுக்கு ஒரு வியாபாரம். 1908 இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசலின் கோடு கோடான சுவருக்கு முன்னால் நிற்காமல் யாரும் போவதில்லை. ஆனால் என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். மாலை 7 மணிக்குக் கதவுகள் இறங்கத் தொடங்கும், 9 மணிக்குக் குப்பை அள்ளுகிறவர்களும் நாய்களும்தான். சரக்கு எடுக்க மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் வியாபாரிகளுக்கு இங்குள்ள லொட்ஜ்கள் வசதி. விடிந்ததும் கடை வாசலில் நிற்கலாம். அதிகாலை ரயிலைப் பிடிக்கவேண்டியவர்களும் ஓர் இரவு தங்கலாம், கோட்டை ரயில் நிலையம் உண்மையில் புறக்கோட்டையில்தான் இருக்கிறது. குடும்பத்தோடு நாலைந்து நாள் என்றால் வேண்டாம். கோட்டைப் பகுதியில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தைச் சுற்றி மட்டும் உணவகங்கள் இரவில் திறந்திருக்கும். வெளிநாட்டு வர்த்தகப் பயணிகளுக்கு அது போதும்.

கொட்டாஞ்சேனையைப் பற்றிப் பயண நூல்கள் எழுதுவதில்லை. எனக்கு அது மனத்தாங்கல். கொழும்பில் தமிழ் வாழ்க்கையின் இன்னொரு முகம் இங்கே இருக்கிறது: வெள்ளவத்தையைவிடப் பழையது, உழைப்பாளிகளுடையது, இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் ஒரே தெருவில் கலந்தது. கொச்சிக்கடைப் பக்கம் பொன்னம்பலவாணேசர் கோயில், சேர். பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பியது. உள்ளே நுழைந்ததும் வெளியே இருந்த வெயில் நினைவுக்கு வராது. அருகில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்பார்கள். ஜூன் 13 திருவிழாவில் தெரு கொள்ளாது. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலும் சாந்த லூசியா பேராலயமும் நடை தூரத்தில். தமிழ் மட்டும் போதும். வாடகை குறைவு, இரவுச் சாப்பாடு மலிவு, 9 மணிக்கும் கடைகள் திறந்திருக்கும். கடல் பக்கம் துறைமுகம் அடைத்திருப்பதால் கடற்காற்று இல்லை, ரயில் இல்லை, லாரி நெரிசல் நிறைய. கோயிலுக்கும் நேர்த்திக்கும் வருகிறவர்கள், உறவினர் அங்கே இருப்பவர்கள், நகரை அதன் உண்மையான சத்தத்தோடு பார்க்க விரும்புகிறவர்கள் துணிந்து தங்கலாம். அறையை மட்டும் நேரில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். படத்தை நம்பக்கூடாத பகுதி இது.

கறுவாத்தோட்டம், அதாவது கொழும்பு 7, அழகானது. 1877 இன் தேசிய அருங்காட்சியகம், விகாரமகாதேவி பூங்கா, நிழல் மரங்கள். தங்குவதற்கு எனக்குப் பிடிக்காது. மதில்கள் உயரம், கடைகள் தூரம், இரவில் ஒரு போத்தல் தண்ணீருக்கும் ஆட்டோ கூப்பிடவேண்டும்.

மருத்துவத்துக்காக வருகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கவேண்டும், அவ்வளவுதான். தேசிய வைத்தியசாலை என்றால் பொரளை, மருதானைப் பக்கம். தனியார் மருத்துவமனைகள் பல இருக்கும் நாரஹேன்பிட்டி என்றால் அங்கேயே. உறவினர் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள் என்று அங்கே போய்த் தங்கிவிட்டுத் தினமும் இரண்டு முறை நெரிசலில் ஓடும் குடும்பங்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். நோயாளியோடு இரவில் ஒருவர் இருக்க, மற்றவர் போய்க் குளித்துச் சாப்பாடு கொண்டுவர இருபது நிமிடம் போதுமானதாக இருக்கவேண்டும். மஹரகம புற்றுநோய் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கொழும்புக்குள்ளேயே வராமல் மஹரகமவில் அறை தேடுவது நல்லது. சமையல் வசதி உண்டா என்பதையும் கேளுங்கள், பத்தியச் சாப்பாடு கடையில் கிடைக்காது.

தெகிவளை வெள்ளவத்தையின் மலிவான தொடர்ச்சி. வாய்க்காலைத் தாண்டியதும் மாநகர சபையே மாறிவிடும், வாடகையும் இறங்கும். மிருகக்காட்சிச் சாலை பார்க்கப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குச் சரி.

கல்கிசையில்தான் மணல். ஆளுநர் மைற்லண்டின் மாளிகை இருந்த குன்றில் இன்று பெரிய ஹோட்டல் நிற்கிறது. அதன் வடக்கே கடற்கரையோரம் சிறு விடுதிகளும் மீன் பொரிக்கும் கடைகளும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும், பிள்ளைகள் கரையோரம் குளிக்கலாம். மழைக்காலத்தில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலளவு நீரிலும் இறங்கவேண்டாம், இழுவை பொல்லாதது. சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். நகரில் வேலை எதுவும் இல்லாமல் கடலுக்காகவே இரண்டு மூன்று நாள் வருகிறவர்களுக்குக் கல்கிசையைவிட நல்ல இடம் கொழும்பை ஒட்டி இல்லை. வேலையும் இருந்தால், முதலில் பம்பலப்பிட்டியில் தங்கி வேலைகளை முடித்துவிட்டு, கடைசி இரண்டு இரவுகளைக் கல்கிசையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் மூன்றாவது நிலையம்தான்.

திகதி பார்க்கும்போது பௌர்ணமியையும் பாருங்கள். போயா தினத்தில் பொது விடுமுறை, மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடைகளும் பூட்டியிருக்கும். முந்தின இரவு ஊருக்குப் போகிறவர்களால் பஸ் நிலையங்கள் நிரம்பிவிடும். அதற்கு ஒரு நாள் முன்போ பின்போ பயணத்தை மாற்றினால் இடமும் கிடைக்கும்.

கடைசி இரவைப் பற்றி ஒன்று. கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்பில் இல்லை, நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2013 இல் திறந்த அதிவேகப் பாதையில் புறக்கோட்டைப் பக்கத்திலிருந்து விரைவாகப் போய்விடலாம். ஆனால் வெள்ளவத்தையிலிருந்தோ கல்கிசையிலிருந்தோ அந்தப் பாதையின் வாசலுக்கு வந்து சேருவதற்குள் நகரம் முழுவதையும் குறுக்கறுக்கவேண்டும். மாலை நேரத்து விமானம் என்றால் அந்த வாசலுக்கு வந்து சேர மட்டும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். விடிகாலை விமானம், கூடவே சின்னப் பிள்ளைகள் என்றால் முந்தின நாள் பின்னேரமே நீர்கொழும்புக்குப் போய்விடுங்கள். அங்கேயும் கடற்கரை உண்டு, விமான நிலையம் பத்து கிலோமீட்டர் அளவில். எத்தனை மணிக்கு ஆள் வந்து எழுப்பி வாகனம் தருவார்கள் என்பதை மட்டும் அறை பதியும்போதே பேசிவிடுங்கள்.